வியட்நாமிய அரசியல் மொழியில் வினைச்சொற்கள்: படித்துப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஹனோயில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் சிவப்புத் துணியில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ எழுதிய பதாகை ஒன்று கண்ணில் படும். வியட்நாமிய மொழிக்கு இன்று லத்தீன் எழுத்துதான். அதனால் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சில வாரங்களில் வந்துவிடும். அகராதியைப் புரட்டினால் சொல்லுக்குச் சொல் பொருளும் கிடைக்கும். அப்புறமும் ஒரு கேள்வி பாக்கி நிற்கும்: இதை யார் செய்கிறார்கள்? செய்து முடித்ததைச் சொல்கிறார்களா, செய்யச் சொல்கிறார்களா, செய்யப்போவதாகச் சொல்கிறார்களா?

இந்தத் திகைப்புக்குக் காரணம் வினைச்சொல். தமிழில் 'வந்தேன்' என்றால் போதும், வந்தது நான் என்று விகுதியே சொல்லிவிடும். எழுவாய் வெளியே இல்லாவிட்டாலும் வினைக்குள் இருக்கும். அதைத்தான் தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்தோம். வியட்நாமிய வினைக்கு விகுதியே கிடையாது. காலம், இடம், பால், எண் எதுவும் அதில் ஒட்டாது. பேச்சில் இதனால் பெரிய சிக்கல் வராது, ஆள் எதிரில் இருப்பார். ஆனால் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் தீர்மானத்திலும் அரசு அறிக்கையிலும் எழுவாய் காணாமல் போனால், அதைத் தேடிக் கண்டுபிடிப்பது முழுக்க நம் வேலையாகிவிடும். இந்த வழிகாட்டி அந்தத் தேடலுக்குத்தான்.

தொடங்கும் முன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வியட்நாமியச் சொற்களை ஏறக்குறையத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். ஹனோய்ப் பேச்சில் ஆறு தொனிகள் உண்டு, அவற்றைத் தமிழ் எழுத்தில் காட்ட வழியில்லை. கீழே 'ஓடு' என்பதற்கும் 'எரி' என்பதற்கும் 'சாய்' என்றே எழுதியிருப்பேன். அவர்கள் காதுக்கு அவை இரண்டும் முற்றிலும் வேறு சொற்கள்.

முதல் படி: வினையைத் தனியே எடுத்து, விகுதி சேர்த்துப் பாருங்கள்

நாளிதழ்களில் அடிக்கடி வரும் மாதிரி வாக்கியம் ஒன்று: 'தியெப் துக் டாய் மாஞ் கோங் தாக் ஃபோங் சோங் தாம் ந்யுங்'. சொல்லுக்குச் சொல் வைத்தால் தொடர், தள்ளு, வலு, பணி, தடு, எதிர், ஊழல். வாக்கியம் அவ்வளவுதான். 'யார்' என்ற சொல் இதில் எங்கும் இல்லை.

இதைத் தமிழாக்க உட்கார்ந்தால் விகுதியில் கை நின்றுவிடும். 'ஊழல் தடுப்புப் பணியைத் தொடர்ந்து முடுக்கிவிடுக' என்றால் கட்டளை. 'முடுக்கிவிட வேண்டும்' என்றால் கடமை. 'முடுக்கிவிடுகிறோம்' என்றால் செய்தி. 'முடுக்கிவிடுதல்' என்றால் வெறும் தலைப்பு. மூல வாக்கியம் நான்குக்கும் இடம் கொடுக்கிறது. தீர்மானம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. மேலிருந்து பார்த்தால் உறுதிமொழி, கீழிருந்து பார்த்தால் உத்தரவு, ஆண்டறிக்கையில் சேர்த்தால் சாதனை.

அதனால் முதல் பழக்கமாக இதைச் செய்யுங்கள். வாக்கியத்தின் முதன்மை வினையை எடுத்து, நான்கு தமிழ் விகுதிகளையும் சேர்த்து நான்கு வரி எழுதுங்கள். முன்பின் உள்ள வாக்கியங்களைப் பார்த்துப் பொருந்தாதவற்றை அடியுங்கள். இரண்டு மிஞ்சினால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாக்கியே தீர வேண்டும் என்று அவசரப்பட்டால், மூலத்தில் இல்லாத ஒரு பொறுப்பாளியை நாமே உண்டாக்கிவிடுவோம்.

காலத்தைக் காட்டத் தனிச் சொற்கள் உண்டு. நடந்ததற்கு 'டா', நடப்பதற்கு 'டாங்', நடக்கப்போவதற்கு 'செ', மூன்றும் வினைக்கு முன்னால் வரும். தீர்மானங்களில் இவை பெரும்பாலும் வருவதில்லை. வந்தால் கவனியுங்கள், அங்கே யாரோ எதையோ திட்டவட்டமாகச் சொல்ல நினைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் படி: வினை வீட்டுச் சொல்லா, ஏட்டுச் சொல்லா?

தமிழில் 'தொடங்கினார்' என்பதற்கும் 'ஆரம்பித்தார்' என்பதற்கும் 'அங்குரார்ப்பணம் செய்தார்' என்பதற்கும் உள்ள தூரம் நமக்குச் சொல்லாமலே தெரியும். வியட்நாமிய மொழியில் அந்தத் தூரத்தைச் சீனச் சொற்கள் உண்டாக்குகின்றன. ஆட்சி, சட்டம், கல்வி சார்ந்த சொற்களில் பெரும்பகுதி சீன மூலம் கொண்டவை. சமையலறையிலும் வயலிலும் வழங்குபவை பெரும்பாலும் நாட்டுச் சொற்கள்.

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கோத்த வாக்கியம் ஒன்று உண்டு. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயின் பா டிங் சதுக்கத்தில் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். அதில் வருவது: 'ஃபாப் சாய், ந்யாத் ஹாங், வுவா பாவ் டாய் தோவாய் வி.' பிரெஞ்சுக்காரன் ஓடினான், ஜப்பான்காரன் சரணடைந்தான், பாவ் டாய் மன்னர் முடி துறந்தார். நான் தமிழில் 'ஓடினான்' என்றும் 'துறந்தார்' என்றும் மாற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள். மூலத்தில் மரியாதை விகுதி கிடையாது, ஆனால் வினையின் தேர்விலேயே அது இருக்கிறது. 'சாய்' என்பது கோழி ஓடுவதற்கும் சொல்லும் சாதாரண வினை. 'ஹாங்' சீன மூலம் கொண்டது, ஆனாலும் ஓரசையில் நறுக்கென்று விழுகிறது. 'தோவாய் வி' அரண்மனைச் சொல், ஈரசை, மெதுவாக இறங்குகிறது. எண்பது ஆண்டு காலனி ஆட்சி செய்தவனுக்கு ஓட்டம், சில நாள் முன்பு முத்திரையையும் வாளையும் ஒப்படைத்த மன்னருக்குக் கௌரவமான விடை. எந்தப் பெயரடையும் இல்லாமல் மூன்று வினைகளே மூன்று தரப்பையும் எடைபோட்டுவிடுகின்றன. அரசியல் வியட்நாமியத்தில் இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. பேச்சின் நடுவே கூட்டத்தைப் பார்த்து, 'நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறதா?' என்று அவர் கேட்டதும் அதே வீட்டு மொழியில்தான்.

வீட்டுச் சொல் கடுமைக்கும் உதவும். 1969ஆம் ஆண்டுப் புத்தாண்டு வாழ்த்தில் ஹோ சி மின் எழுதிய வரியில் அமெரிக்கர்களுக்கு 'குத்' என்ற வினையும், அவர்கள் ஆதரித்த தெற்கு வியட்நாம் அரசுக்கு 'ந்யாவ்' என்ற வினையும் வருகின்றன. முதலாவது, விரட்டியடிக்கப்பட்டவன் தலைகுனிந்து ஓடிப்போவது. இரண்டாவது, குப்புறக் கவிழ்வது. 'வெளியேறுதல்' என்றும் 'வீழ்ச்சி' என்றும் பெயர்த்தால் வரியின் சூடு ஆறிப்போகும்.

இறப்புக்கான வினைகளை நாம் தனியாகப் படிக்கத் தேவையில்லை, தமிழ் தெரிந்தவருக்கு அது கைவந்த விஷயம். செத்தான், இறந்தார், காலமானார், வீரமரணம் அடைந்தார் என்று நாம் தரம் பிரிப்பது போலவே அங்கும் உண்டு. 'சேத்' சாதாரணச் சாவு, 'து ட்ரான்' அரசு அறிவிப்பில் வரும் காலமாதல், 'ஹி சிஞ்' பணியிலோ போரிலோ உயிர்த் தியாகம். போரின் எந்தப் பக்கத்துச் செத்தவருக்கு எந்த வினை கொடுக்கப்படுகிறது என்று பார்த்தால், எழுதியவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: 'பி', 'டுவக்', 'சியூ'

இந்த மூன்று சிறு சொற்களுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

செயப்பாட்டு வினைக்கு வியட்நாமிய மொழியில் இரண்டு வாசல். கெடுதல் நேர்ந்தால் 'பி', நன்மை கிடைத்தால் 'டுவக்'. கைதானவர் 'பி', தண்டிக்கப்பட்டவர் 'பி', தேர்ந்தெடுக்கப்பட்டவர் 'டுவக்', பாராட்டப்பட்டவர் 'டுவக்'. இன்றைய தமிழ் நாளிதழ் இரண்டுக்கும் 'பட்டார்' என்றே எழுதுகிறது. ஆனால் நம் மொழியிலும் இந்த வேறுபாடு இருந்தது, இப்போதும் இருக்கிறது. அடிபட்டான், அவதிப்பட்டான் என்பதில் 'படு' துன்பம். பாடல் பெற்ற தலம், பரிசு பெற்றார் என்பதில் 'பெறு' பேறு. 'நூல் வெளியிடப்பெற்றது' என்று இன்னும் எழுதுகிற தமிழாசிரியர்கள் அந்த நுட்பத்தைத்தான் காப்பாற்றுகிறார்கள். வியட்நாமிய மொழியிலிருந்து பெயர்க்கும்போது இந்தப் 'பெறு'வை மீட்டெடுப்பது நல்லது.

'பி'யும் 'டுவக்'கும் வெறும் இலக்கணம் இல்லை, அவை தீர்ப்பு. ஒருவர் இடமாற்றம் 'பெற்றார்' என்று எழுதினால் அது பதவி உயர்வு, இடமாற்றப்'பட்டார்' என்று எழுதினால் அது தண்டனை. எது என்று உத்தரவு சொல்லாதபோதும் இந்த ஒரு சொல் சொல்லிவிடும். முடி துறந்தபோது பாவ் டாய், அடிமைப்பட்ட நாட்டுக்கு மன்னனாக இருப்பதைவிடச் சுதந்திர நாட்டின் குடிமகனாக இருப்பதையே விரும்புகிறேன் என்ற கருத்தைச் சொன்னார். அங்கே நாட்டுக்கு அவர் கொடுத்த அடைமொழி 'பி ட்ரி', ஆளப்பட்ட. அந்தப் 'பி'யில் ஒரு காலனி ஆட்சியின் முழுக் கணக்கும் இருக்கிறது.

மூன்றாவது சொல் 'சியூ'. இதற்குத் தாங்கு, பொறு, ஏற்றுக்கொள், உட்படு என்று பல பொருள். 1946 டிசம்பர் 19 தேதியிட்ட நாடு தழுவிய எதிர்ப்புப் போருக்கான அறைகூவலை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அமைதியை விரும்பினோம், விட்டுக்கொடுத்தோம், நாம் விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்கப் பிரெஞ்சுக் காலனியவாதிகள் மேலும் மேலும் ஏறி வருகிறார்கள் என்று தொடங்கி, எல்லாவற்றையும் இழந்தாலும் சரி, நாட்டை இழக்க 'கோங் சியூ', அடிமைகளாக 'கோங் சியூ' என்கிறார் ஹோ சி மின். 'கோங்' என்றால் இல்லை. 'மாட்டோம்' என்று மட்டும் பெயர்த்தால் குறைந்துபோகும். தாங்கிக்கொள்ள மாட்டோம், உட்பட்டுக்கிடக்க மாட்டோம் என்று வர வேண்டும்.

அந்த அறைகூவலில் இன்னொன்றும் உண்டு. அங்கே எழுவாய் ஒளியவில்லை. 'சூங் தா' என்று வெளிப்படையாக வருகிறது. அது நம் 'நாம்', கேட்பவரையும் சேர்த்தது. கேட்பவரைச் சேர்க்காத 'நாங்கள்' என்பதற்கு அவர்களிடம் 'சூங் தோய்' என்று வேறு சொல். விடுதலைப் பிரகடனத்தில் தற்காலிக அரசு தன்னைக் குறிக்குமிடத்தில் 'நாங்கள்', போருக்கு அழைக்கும்போது 'நாம்'. பல மொழிகளில் இந்த வேறுபாடு கரைந்துபோகும். தமிழில் அப்படியே நிற்கும், விட்டுவிடாதீர்கள்.

இப்போது 2013ஆம் ஆண்டு அரசியல் சட்டத்துக்கு வாருங்கள். அதன் 4ஆம் பிரிவு, நாட்டையும் சமூகத்தையும் வழிநடத்தும் சக்தி கம்யூனிஸ்ட் கட்சி என்று சொல்கிறது. கூடவே, கட்சி மக்களின் மேற்பார்வைக்கு 'சியூ', தன் முடிவுகளுக்காக மக்கள் முன் பொறுப்பு 'சியூ' என்கிறது. 1946இல் மக்கள் எதிரிக்கு முன் மறுத்த அதே வினை, இங்கே கட்சி மக்களுக்கு முன் ஏற்பதாக எழுதப்பட்டிருக்கிறது. உட்படுவது யார், யாருக்கு என்ற கேள்வியை இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே கேட்கலாம்.

நான்காம் படி: தன்வினையா, பிறவினையா?

நுயென் ஃபு ட்ரோங் கட்சிப் பொதுச்செயலாளராக இருந்தபோது, 2017 ஜூலை 31 அன்று ஊழல் தடுப்புக் குழுக் கூட்டத்தில் சொன்னது நாடெங்கும் பரவியது. உலை சூடேறிவிட்டது என்றால் பச்சை விறகு உள்ளே வந்தாலும் எரிந்துதான் ஆக வேண்டும் என்பது அதன் பொருள். வினை 'சாய்', தானாக எரிதல். 'எரிப்போம்' என்று அவர் சொல்லவில்லை. உலை தானே சூடேறியது, விறகு தானே வந்தது, எரிவது விறகின் விதி. அதற்கு முன் நிற்கும் 'ஃபாய்' என்ற சொல்லுக்கு 'ஆக வேண்டும்' என்ற நம் தொடர் கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் மக்களும் பத்திரிகைகளும் பேசியபோது வினை மாறியது. 'டோத் லோ', உலையை எரித்தல். எரிக்கிறவர் என்று அவருக்கே பெயர் வந்தது. தலைவர் சொன்னது தன்வினை, ஊர் சொன்னது பிறவினை. எரிந்தது, எரித்தார் என்று ஓர் ஒற்றெழுத்தில் இரண்டையும் பிரிக்கும் மொழி நம்முடையது, இந்த நுட்பம் நமக்குத் தப்பக் கூடாது.

பதவி நீக்கச் செய்திகளுக்கும் இதே கண்ணாடி தேவை. கட்சி உறுப்பினருக்கான ஒழுங்கு நடவடிக்கை நான்கு படிகள்: கண்டனம், எச்சரிக்கை, பதவி பறிப்பு, கட்சியிலிருந்து நீக்கம். பதவி பறிப்புக்கு 'காச் சுக்' என்று சொல்வார்கள், பறிப்பவர் இருக்கிறார் என்பது வினையிலேயே தெரியும். இந்தப் பட்டியலில் சேராத இன்னொரு தொடர் உண்டு, 'தோய் ஸு சுக்', பதவி வகிப்பதை நிறுத்துதல். 'தோய்' என்பது சந்தையிலும் சாப்பாட்டு மேசையிலும் கேட்கிற சொல், 'சரி, போதும், விடு' என்பது போல. 2023 ஜனவரியில் நாட்டின் அதிபர் நுயென் சுவான் ஃபுக் விலகியபோதும், 2024 மார்ச்சில் அடுத்த அதிபர் வோ வான் துவோங் விலகியபோதும், ஏப்ரலில் நாடாளுமன்றமான தேசிய சபையின் தலைவர் வுவோங் டின் ஹுவே விலகியபோதும் கட்சி மத்தியக் குழுவின் அறிவிப்பில் இருந்தது இந்த வினைதான்: அவர் பதவி வகிப்பதை நிறுத்திக்கொள்ள விட ஒப்புக்கொண்டது. விட்டவர் குழு, நிறுத்துபவர் அவரே. பிறகு தேசிய சபை 'மியென் நியெம்', அதாவது பொறுப்பிலிருந்து விடுவிப்பு என்ற வினையால் சட்டப்படி முடித்துவைத்தது. 'நீக்கப்பட்டார்' என்று தமிழில் ஒரே சொல்லில் எழுதினால் இரண்டு மன்றங்களும் இரண்டு வினைகளும் அழிந்துபோகும். 'விலக அனுமதிக்கப்பட்டார்' என்பது இன்னும் நெருக்கம்.

ஒழுங்கு நடவடிக்கையும் 'தோய்' என்ற வினையும் சேர்ந்து வருவதும் உண்டு. 2017 மே மாதம் டிங் லா தாங் மீது மத்தியக் குழு எச்சரிக்கை நடவடிக்கை எடுத்தது, கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவில் அவர் வகித்த உறுப்பினர் பதவியை 'தோய்' ஆக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் கைதானார், வினையும் 'பி'க்கு மாறியது. இப்படி ஒருவரின் வீழ்ச்சியை வினை வினையாகத் தேதியோடு குறித்துவந்தால், செய்தி சொல்லாததும் புரியத் தொடங்கும்.

ஐந்தாம் படி: வினையின் வாலைப் பாருங்கள்

1986 டிசம்பரில் நடந்த 6ஆம் கட்சி மாநாடு அறிவித்த பாதைக்கு 'டோய் மோய்' என்று பெயர். 'டோய்' மாற்று, 'மோய்' புதிது. புதிதாகும்படி மாற்று. முதல் சொல் செயல், இரண்டாவது அதன் விளைவு. இந்த அச்சில் வார்த்த வினைகள் அரசியல் பேச்சில் கொட்டிக் கிடக்கின்றன. 'நாங் காவ்', தூக்கி உயரமாக்கு. 'ஸு வுங்', பிடித்து உறுதியாக்கு. 'மோ ரோங்', திறந்து அகலமாக்கு. மேலே பார்த்த 'டாய் மாஞ்'சும் இதே சாதிதான்.

விளைவு வினைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், கேட்கும்போது பாதி வேலை முடிந்த உணர்வு வரும். 'தரத்தை உயர்த்து' என்பதில் 'உயர்' வந்துவிட்டது, எவ்வளவு என்பது வரவில்லை. எனவே வாலில் உள்ள விளைவுச் சொல்லை வட்டமிட்டு, அளவு ஏதும் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தலையையும் பாருங்கள். 'தியெப் துக்' (தொடர்ந்து) வந்தால் வேலை முன்பே தொடங்கியது, இன்னும் முடியவில்லை. 'துங் புவக்' (படிப்படியாக) வந்தால் கெடு இல்லை. 'கோ பான்' (அடிப்படையில்) என்பது 'முடிந்தது' என்பதற்கு முன்னால் வந்தால் ஏதோ முடியவில்லை. தீர்மானத்தின் நேர்மையான தகவல் பல சமயம் இந்தச் சின்னச் சொற்களில்தான் இருக்கும்.

ஆறாம் படி: பொருள் இடம்பெயர்ந்த வினைகள்

'ஸாய் ஃபோங்' என்றால் விடுதலை செய். தெற்கை விடுதலை செய்தல் என்ற தொடரில் வருவதும் அதுதான், சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கும்போது வருவதும் அதுதான். 'ஸாய் ஃபோங் மாத் பாங்', சொல்லுக்குச் சொல் நிலப்பரப்பை விடுதலை செய்தல், நடைமுறையில் வீடுகளையும் பயிரையும் அகற்றி இடத்தைக் காலிசெய்தல். வீட்டை இழக்கப்போகும் குடும்பத்தின் கையில் உள்ள அறிவிப்பிலும் இதே வினை இருக்கும். தமிழாக்கத்தில் 'நிலத்தைக் காலிசெய்தல்' என்றே எழுத வேண்டும், ஆனால் மூலச்சொல் எது என்று மனதில் வைத்திருங்கள்.

'ஹோவா' என்ற ஈறு நம் 'ஆக்கம்'. தொழில்மயமாக்கம், நவீனமயமாக்கம் எல்லாம் இதில் முடியும். ஆனால் 'ஸா ஹோய் ஹோவா', சமூகமயமாக்கம், எதிர்பார்த்த திசையில் போகாது. பொதுவுடைமை நாடாயிற்றே, அரசு ஏற்று நடத்துவது போல என்று நினைப்போம். 1997இல் கல்வி, மருத்துவம், பண்பாட்டுத் துறைகளுக்கு அரசு இதைக் கொள்கையாக அறிவித்தபோது பொருள் வேறு: அரசு மட்டும் சுமக்காமல் மக்களும் தனியாரும் பணமும் உழைப்பும் போடுவது. பள்ளியில் பெற்றோரிடம் பணம் கேட்கும்போதும் இந்தச் சொல் வரும். அதே போல அரசு நிறுவனங்களைப் பங்குகளாக்கி விற்பதற்கு 'கோ ஃபான் ஹோவா', பங்குமயமாக்கம். தனியார்மயம் என்பதற்கு நேர்ச்சொல் மொழியில் இருக்கிறது, ஆவணங்கள் பெரும்பாலும் அதைத் தவிர்க்கின்றன.

'லாம் வியெக்' என்றால் வேலை செய். அதிகாரிகள் ஒருவரை 'வந்து வேலை செய்ய அழைத்தார்கள்' என்று செய்தி வந்தால் வேலைவாய்ப்பு என்று எண்ண வேண்டாம். விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அழைப்புக்கான வினையும் விருந்துக்கு அழைக்கும் அதே 'மோய்'. இரண்டு சொல்லும் மென்மையானவை. அந்தக் கடிதம் வந்த வீட்டில் அன்று யாரும் மென்மையாக உணர்ந்திருக்க மாட்டார்கள்.

ஏழாம் படி: யாருக்கு எந்த வினை பங்கிடப்பட்டிருக்கிறது?

கட்சி 'லாஞ் டாவ்', அரசு 'குவான் லீ', மக்கள் 'லாம் சூ'. வழிநடத்துவது கட்சி, நிர்வகிப்பது அரசு, எசமானராக இருப்பது மக்கள். எழுவாய் தெளிவாக வரும் அரிதான இடம் இது, ஏனென்றால் பங்கீட்டைச் சொல்வதே இதன் நோக்கம். இந்த வினைகள் இடம் மாறி வருவதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது.

மக்களுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு: மக்கள் அறிவர், விவாதிப்பர், செய்வர், சோதிப்பர். 2021இல் 13ஆம் மாநாடு இதோடு மேற்பார்வையிடுவர், பயன் நுகர்வர் என்று இரண்டைச் சேர்த்தது. ஆறு வினைகளையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். 'முடிவெடுப்பர்' அதில் இல்லை. ஆனால் அடித்தள ஜனநாயகம் பற்றிய 2022ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திறந்தால், ஊர் மட்டத்தில் மக்கள் 'விவாதித்து முடிவு செய்யும்' விஷயங்கள் என்று தனிப் பகுதியே இருக்கிறது. முழக்கத்தில் இல்லாத வினை சட்டத்தில் இருக்கிறது. ஒரு ஊர்க்கூட்டத்துக்குப் போகிறவருக்கு இது உண்மையிலேயே உதவும் தகவல்.

ஒரே ஒரு வினையில் எவ்வளவு தொங்கும் என்பதற்கு நம்பிக்கை வாக்கைச் சொல்லலாம். 2013 ஜூனில் தேசிய சபை முதல்முறையாக 47 பதவியாளர்கள் மீது நம்பிக்கை வாக்கு நடத்தியது. அது 'லாய் ஃபியூ', சீட்டை எடுத்தல். அதிக நம்பிக்கை, நம்பிக்கை, குறைந்த நம்பிக்கை என்று மூன்று கட்டங்கள். 'நம்பிக்கை இல்லை' என்ற கட்டம் கிடையாது. அன்றைய விதிப்படி மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்த நம்பிக்கை என்று குறித்தால் 'போ ஃபியூ', சீட்டைப் போடுதல் என்ற அடுத்த கட்டம் வரும். அப்போது பதவியைக் காலிசெய்யக் கூடியதாக இருந்தது இந்த இரண்டாவதுதான். எடுத்தல் நாடி பார்ப்பது, போடுதல் அறுவைச் சிகிச்சை. இரண்டையும் 'நம்பிக்கை வாக்கெடுப்பு' என்று எழுதிவிட்டால் வாசகருக்கு அநியாயம் செய்கிறோம்.

எட்டாம் படி: வெளியுறவு அறிக்கையின் ஏணி

இங்கே வினைகள் படிக்கட்டு மாதிரி. கவனித்து வருகிறோம், கவலைப்படுகிறோம், எதிர்க்கிறோம், உறுதியாக எதிர்க்கிறோம் என்று ஏறும். 2014 மே மாதம் சீனா ஹாய் யாங் 981 எண்ணெய்த் துரப்பண மேடையைக் கிழக்குக் கடலில் (தென் சீனக் கடலை வியட்நாமியர் அப்படித்தான் அழைக்கிறார்கள்) நிறுத்தியபோது ஹனோய் நேராக மேல் படிக்குப் போனது, மேடையைப் பின்வாங்கும்படி 'இயூ காவ்' என்று கோரியது. கோருவதற்கும் முன்மொழிவதற்கும் அறைகூவல் விடுப்பதற்கும் தனித்தனி வினைகள் உண்டு. ஆனால் உள்நாட்டில் 'முன்மொழிகிறோம்' என்ற 'டே ந்கி' பலகையில் வந்தால் அது பணிவான உத்தரவு. அதே சொல் வெளிநாட்டுக்கு ஒரு எடை, உள்ளூர்க்காரருக்கு வேறு எடை.

ஒன்பதாம் படி: ஒரே நாள், பல வினைகள்

1975 ஏப்ரல் 30, வட வியட்நாம் படைகள் சைகோனுக்குள் நுழைந்து போர் முடிந்த நாள். நாட்டுக்குள் பாடப் புத்தகத்தில் அது 'ஸாய் ஃபோங்', விடுதலை செய்தது. புலம்பெயர்ந்த பல குடும்பங்களில் அது 'மாத் நுவக்', நாட்டை இழந்தது. 1946 அறைகூவலில் ஹோ சி மின் தாங்க மாட்டோம் என்று மறுத்ததும் இதே 'மாத் நுவக்'தான் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. அதற்குப் பிறகு தெற்கின் அதிகாரிகளும் படைவீரர்களும் முகாமுக்குப் போனதற்கு 'காய் தாவ்', திருத்தியமைத்தல். இரவில் படகேறியவர்களுக்கு 'வுவத் பியென்', எல்லை தாண்டுதல். ஒரு குடும்பத்தில் ஒருவர் இந்த வினையையும் மற்றவர் அந்த வினையையும் சொல்லும்போது, நடுவில் உட்கார்ந்து பெயர்க்கிறவர் எதையும் திருத்தக் கூடாது. அவரவர் வினையை அவரவருக்கே விட்டுவிடுங்கள். கட்டுரையில் உங்கள் சொந்தக் குரலில் எழுதும்போது 'போர் முடிந்தது' என்று எழுதலாம், அதை இரு தரப்பும் மறுக்க மாட்டார்கள்.

பயிற்சி

என் நோட்டில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு மேலிருந்து கீழாக மூன்று பத்தி. முதல் பத்தியில் செய்பவர், இரண்டாவதில் அனுபவிப்பவர், மூன்றாவதில் தேதியும் ஆவணமும். செய்பவர் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுகிறேன். 'அரசு' என்று ஊகித்து நிரப்புவதில்லை. சில மாதங்களில் எந்த வினைகளுக்கு முதல் பத்தி எப்போதும் காலியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். என் நோட்டில் 'கியெம் டியெம்', குறைகளைச் சோதித்தறிதல், அப்படி நிற்கிறது, 'ரூத் கின் ந்கியெம்', அனுபவத்திலிருந்து பாடம் எடுத்தல், அதைவிட அதிகமாக.

கடைசியாக, முதல் படியில் எடுத்த வாக்கியத்துக்கே திரும்பிப் போவோம். 'தியெப் துக்' இருக்கிறது, எனவே புதிய வேலை இல்லை. 'டாய் மாஞ்', விளைவு வாலில் இருக்கிறது, அளவு இல்லை. 'கோங் தாக்' என்ற 'பணி' வந்து வினையைப் பெயராக உறையவைக்கிறது, தடுப்பதும் எதிர்ப்பதும் நேரடிச் செயலாக இல்லாமல் ஒரு துறையின் வேலையாகிவிட்டன. 'பி' இல்லை, 'டுவக்' இல்லை, தண்டிக்கப்படுபவரும் இல்லை. எழுவாய் இல்லை. பதாகையில் கண்டால், 'ஊழல் தடுப்புப் பணியைத் தொடர்ந்து முடுக்கிவிடுவோம்' என்று எழுதுவேன், தெருவில் நிற்பவரை அது 'நாம்' என்று சேர்த்துக்கொள்வதால். தீர்மானத்தின் நடுவில் கண்டால், 'முடுக்கிவிட வேண்டும்' என்று எழுதி, யார் என்ற இடத்தைக் காலியாக விடுவேன். அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் முன்னால் 'டா' சேர்ந்து வந்தால், 'முடுக்கிவிட்டது' என்று எழுதிவிட்டு, அதே பக்கத்தில் எத்தனை வழக்கு, எத்தனை பேர் என்ற எண்ணைத் தேடுவேன்.